உரிமச் சோதனையும் தாக்குதல் பரப்புதான்

ஓர் ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியைத் தணிக்கைக்கு எடுத்துக்கொண்டால் இயங்குதளம், போர்ட்டுகள், பயனர் கணக்குகள், தொலைநிலை அணுகல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். பின்புறம் செருகியிருக்கும் உரிம டாங்கிளை மட்டும் கொள்முதல் பிரிவின் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்பதற்கு 2018 ஜனவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் தொழில்துறைப் பாதுகாப்புக் குழு வெளியிட்ட ஆய்வே போதும். தொழிற்சாலை மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் சென்டினல் ஹாஸ்ப் உரிம அமைப்பில் 14 ஓட்டைகளை அக்குழு கண்டறிந்தது. அவற்றுள் சில, தொலைவில் இருப்பவர் தம் நிரலை ஓடவிட இடம் கொடுப்பவை. அந்தச் சேவையோ கணினியின் உச்ச அதிகாரத்துடன் இயங்குவது. இன்னொரு கண்டுபிடிப்பு அதைவிடக் கவலை தருகிறது. டாங்கிளைச் செருகி டிரைவர் நிறுவப்பட்டதும் 1947 என்ற போர்ட் விண்டோஸ் ஃபயர்வாலின் விலக்குப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. டாங்கிளைக் கழற்றிய பிறகும் அது திறந்தே இருந்தது. இதைப் பற்றி நிர்வாகிக்கு முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஃபயர்வாலை அமைத்தவர் ஒருவர், அதில் வழி திறந்தது வேறொரு நிறுவனத்தின் வருவாயைக் காக்க வந்த நிரல்.

இதை ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது எளிது. சிக்கல் அந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிறது என்பதுதான் நம் வாதம். வைரஸ் தடுப்பு நிரல் கணினியின் உரிமையாளர் சார்பில் வெளியாட்களைச் சந்தேகிக்கிறது. திருட்டு நகல் தடுப்பு நிரலோ அந்த உரிமையாளரையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அவர் அதை நிறுத்திவிடக் கூடாது, அதனால் எளிதில் நீக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. அவர் அதன் உள்ளே பார்க்கக் கூடாது, அதனால் தன்னை மறைத்துக்கொள்கிறது. அவருடைய நிர்வாகி உரிமை அதைக் கட்டுப்படுத்தக் கூடாது, அதனால் கெர்னலுக்குள் இறங்குகிறது. ஒளிதல், ஒட்டிக்கொள்ளுதல், அதிகாரம் பெறுதல் மூன்றும் தீம்பொருள் எழுதுபவரின் தேவைகளும்கூட. நோக்கம் வேறுதான். ஆனால் கணினிக்கு நோக்கம் தெரியாது. செயல்முறை மட்டுமே தெரியும்.

சோனி பிஎம்ஜி விவகாரம் நம் துறையில் எல்லோரும் கேள்விப்பட்ட ஒன்று. ஆனால் அதன் விவரங்களை மறந்துவிட்டு முடிவை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். பாட்டுக் குறுந்தட்டுகள் நகலெடுக்கப்படுவதைத் தடுக்க அந்நிறுவனம் ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற பிரிட்டன் நிறுவனத்தின் எக்ஸ்சிபி நிரலைச் சேர்த்தது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் தம் கணினியில் அதைக் கண்டெடுத்து அலசி வெளியிட்டார். பெயரின் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடர் இருந்தால் அந்தக் கோப்பு, செயல்முறை, பதிவேட்டுக் குறிப்பு எதுவானாலும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மறைக்கப்படுவது தன் கோப்பா பிறர் கோப்பா என்று அந்த நிரல் பார்க்கவில்லை. இந்த ஒற்றை வடிவமைப்பு முடிவுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். இணைய விளையாட்டில் ஏமாற்ற விரும்பியவர்கள் தங்கள் கருவிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டி, விளையாட்டு நிறுவனத்தின் கண்காணிப்பிலிருந்து தப்பினார்கள். சில நாட்களிலேயே அதே மறைவில் ஒளியும் டிரோஜன்களும் வந்தன. கையால் நீக்க முயன்றால் குறுந்தட்டு இயக்கியே கணினியிலிருந்து காணாமல் போனது. நிறுவனம் தந்த நீக்கும் கருவியோ, எந்த இணையப் பக்கமும் அந்தக் கணினியில் தன் நிரலை ஓடவிடும் புதிய ஓட்டையைத் திறந்துவைத்தது. எட் ஃபெல்ட்டன், அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகிய பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள். இத்தனைக்கும், பாதிக்கப்பட்டவர்கள் தட்டைக் கடையில் பணம் கொடுத்து வாங்கியவர்கள். திருட்டு நகலைப் பதிவிறக்கியவர் கணினியில் எக்ஸ்சிபி ஏறவே இல்லை.

நேர்மையாகப் பணம் கொடுத்தவர் ஆபத்தைச் சுமப்பது இதில் திரும்பத் திரும்ப வருகிறது. சேஃப்டிஸ்க் என்ற விளையாட்டுத் தட்டுப் பாதுகாப்பின் டிரைவர், விண்டோஸ் எக்ஸ்பியோடும் சர்வர் 2003-ஓடும் சேர்ந்தே வந்தது. 2007-இல் அதிலிருந்த அதிகார உயர்வு ஓட்டையைத் தாக்குபவர்கள் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே, அந்த ஆண்டு டிசம்பரில் பேட்ச் வந்தது. ஒரு விளையாட்டைக்கூட நிறுவாத சர்வரிலும் அந்த டிரைவர் இருந்தது. கடைசியில் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது; 2015 செப்டம்பரில் பழைய பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பழைய தட்டுகள் பல ஓடாமல் போயின. பாதுகாப்பு உடைக்கப்பட்ட நகல்கள் தொடர்ந்து ஓடின.

திருட்டு நகலில்தான் தீம்பொருள் அதிகம் வருகிறது, அதைத் தடுப்பது பாதுகாப்புக்கு நல்லதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பாதி உண்மை. உடைக்கப்பட்ட மென்பொருளை நிறுவுபவர், முன்பின் தெரியாத ஒருவருக்கு நிர்வாகி உரிமையைக் கொடுக்கிறார். ஆனால் அதிலிருந்து, உரிமச் சோதனை எந்த முறையையும் கையாளலாம் என்று முடிவுகட்ட முடியாது. 2018 பிப்ரவரியில் ஃப்ளைட் சிம் லேப்ஸ் என்ற விமானப் பாவனை மென்பொருள் நிறுவனத்தின் நிறுவல் கோப்புக்குள், குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் கருவி இருந்தது அம்பலமானது. திருட்டு உரிம எண்ணைப் பயன்படுத்துபவர்களைப் பிடிக்கத்தான் அதை வைத்ததாக நிறுவனம் விளக்கியது. கருவி எல்லா வாடிக்கையாளர்களின் கணினியிலும் இறங்கியது. அதை இயக்குவதா வேண்டாமா என்பதை ஓர் எண் ஒப்பீடு தீர்மானித்தது. திருடரைப் பிடிப்பதற்குக்கூட கடவுச்சொல் திருடும் கருவியைப் பயன்படுத்தலாமா என்பது தனிக் கேள்வி. நம் பதில்: கூடாது. மேலும், நாடு முழுதும் பரவும் புழுவுக்கு எந்தக் கணினியில் உரிமம் இருக்கிறது என்பது பொருட்டல்ல. பேட்ச் பெறாத திருட்டு நகல், உரிமம் பெற்றவரின் வலைப்பின்னலையும் தாக்கும். மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7-ஐ முதலில் அசல் விண்டோஸ் சோதனைக்குப் பின்னால் வைத்திருந்து, 2007 அக்டோபரில் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. பாதுகாப்பையும் உரிமத்தையும் ஒரே பூட்டில் வைக்கக் கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது.

எந்த மென்பொருளில்தான் பிழை இல்லை, உரிம நிரலை மட்டும் ஏன் பழிக்க வேண்டும் என்பது கனமான எதிர்வாதம். பிழை எங்கும் உண்டு. ஆனால் அது எந்த அதிகாரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விளைவு இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டுக்குக் கேப்காம் அனுப்பிய உடைப்புத் தடுப்பு டிரைவர், செயலியின் ஒரு பாதுகாப்பு அம்சத்தையே தற்காலிகமாக அணைத்துவிட்டு, கேட்கும் எந்த நிரலையும் கெர்னலில் ஓடவிட்டது. நிறுவனம் விரைந்து திரும்பப் பெற்றாலும் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் செல்லுபடியாகவே இருந்தது. அந்த விளையாட்டு இல்லாத கணினிக்குள்ளும் தாக்குபவர் அதைக் கையோடு கொண்டுபோக முடிந்தது. இது பழங்கதையும் இல்லை. 2022-இல் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை இதே வழியில் பயன்படுத்தி, ஒரு ரான்சம்வேர் கும்பல் ஆன்டிவைரஸை நிறுத்தியதை டிரெண்ட் மைக்ரோ பதிவு செய்திருக்கிறது.

இந்த ஓட்டைகளை வெளியே சொல்வதற்கும் நீண்ட காலம் தடை இருந்தது. அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், நகல் தடுப்பைத் தாண்டுவதையே குற்றமாக்கியது. ஒரு குறுந்தட்டுப் பாதுகாப்பைக் கணினியின் ஷிஃப்ட் விசையை அழுத்தியே தவிர்க்கலாம் என்று 2003-இல் எழுதிய ஹால்டர்மன் மீது வழக்குத் தொடுப்போம் என்று, அதைத் தயாரித்த சன்காம் நிறுவனம் அறிவித்து, பிறகு பின்வாங்கியது. எக்ஸ்சிபியின் ஆபத்தையும் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். சட்ட ஆலோசனையில் வாரங்கள் கழிந்தன. அந்த வாரங்களில் தட்டுகள் விற்றுக்கொண்டிருந்தன. பொதுவான பாதுகாப்பு ஆய்வுக்கு விதிவிலக்கு நடைமுறைக்கு வந்தது 2016-இல்தான்.

எழுதியவர் தம் உழைப்புக்குக் கூலி பெற வேண்டும். உரிமச் சோதனையே வேண்டாம் என்று இவ்விதழ் சொல்லவில்லை. பயன்பாட்டுக்கு என்ன அதிகாரம் தேவையோ அதற்கு மேல் அதன் உரிம நிரல் கேட்கக் கூடாது என்கிறோம். வரைபடம் வரையும் மென்பொருளுக்குக் கெர்னல் டிரைவர் தேவையில்லை என்றால் அதன் உரிமத்துக்கும் தேவையில்லை. அப்படிச் செய்தால் உடைப்பவர்களுக்கு வேலை சற்று எளிதாகலாம். அந்த இழப்பு விற்பவருடையதாக இருக்கட்டும், வாங்கியவரின் வலைப்பின்னலுடையதாக வேண்டாம். கொள்முதல் ஒப்பந்தத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்கக் கோருங்கள்: உரிமக் கூறு எந்தக் கணக்கின் கீழ் ஓடுகிறது, எந்தப் போர்ட்டைத் திறக்கிறது, நீக்கிய பின் என்ன மிஞ்சுகிறது. உரிமக் கூறு யாருடைய தயாரிப்பு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 2020 செப்டம்பரில் கோட்மீட்டர் உரிம மேலாளரில் ஆறு ஓட்டைகளைப் பாதுகாப்பு நிறுவனமான கிளாரோட்டி வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்று தீவிரத்தன்மை மதிப்பீட்டில் 10-க்கு 10 பெற்றது. சீமென்ஸ், ராக்வெல் உட்படப் பல நிறுவனங்களின் மென்பொருள்களுக்குள் கோட்மீட்டர் பொதிந்திருந்தது. எந்தெந்தக் கணினியில் அது இருக்கிறது என்பதைச் சொல்லும் பட்டியல் கையில் இருந்த நிர்வாகி அன்றே பேட்ச் போடத் தொடங்கியிருக்கலாம். இல்லாதவர் ஒவ்வொரு விற்பனையாளரின் அறிவிப்புக்காகவும் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.