காவல் நிலையத்தில் எழுதப்படும் மொழி

இலங்கைக் காவல்துறைத் தலைவர் தேசபந்து தென்னகோனை 2025 ஆகஸ்ட் 5 அன்று அந்நாட்டு நாடாளுமன்றம் 177 வாக்குகளால் பதவிநீக்கம் செய்தது. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில், அவர் அடிப்படை உரிமையை மீறினார் என 2023 டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பதவிநீக்கம் வரவேற்கத்தக்கது. ஆயினும் தலைவர் மாறுவதால் மட்டும் ஒரு படையின் தன்மை மாறிவிடாது.

1865ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தால் அமைக்கப்பட்ட படை அது. இந்தியாவின் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தைப் போலவே, மக்களுக்குப் பதில் சொல்வதற்காக அன்றி மக்களை அடக்குவதற்காகவே அது இயற்றப்பட்டது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானபின், தமிழ் உழைப்பாளி மக்களுக்குக் காவல் நிலையம் அந்நிய இடமாகவே ஆயிற்று. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம், காவல் அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலத்தையே சாட்சியமாக்கியது. சிங்களம் அறியாத தமிழர் ஒருவர், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை பதிக்க வைக்கப்பட்டார். அந்தத் தாளே அவருக்கு நீண்டகாலச் சிறைத் தண்டனை பெற்றுத் தந்தது. அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் முடிவு கூறியது.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. மாகாணங்களுக்குக் காவல் அதிகாரத்தையும் அளித்தது. அந்த அதிகாரத்தை இன்றுவரை எந்த அதிபரும் கையளிக்கவில்லை. எல்லாக் காவல் நிலையங்களிலும் எந்நேரமும் இருமொழி அறிந்த அலுவலர்கள் வேண்டும் என 2011இல் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவே பரிந்துரைக்கும் நிலை இருந்தது. சட்டத்தில் உள்ள உரிமை தானாக நடைமுறைக்கு வருவதில்லை என்பதே இதன் பாடம்.

கொழிஞ்சாம்பாறை வயல்களிலும் இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் உழைக்கும் தமிழர்களுக்கும் இப்பாடம் பொருந்தும். கேரளத்தை இலங்கையோடு சமப்படுத்துவது நியாயமல்ல. இங்கே உரிமைகள் தெளிவாகவே உள்ளன. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே வழங்கியது. குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்கிறது அரசமைப்பின் 350ஆவது பிரிவு. வாய்மொழிப் புகாரை எழுதியபின் புகார்தாரருக்குப் படித்துக்காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. புரியாத மொழியில் படித்துக்காட்டுவது வெறும் சடங்கே.

கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியும் வீட்டில் அடிபட்ட பெண்ணும் காவல் நிலையப் படியேறும்போது, இந்த உரிமைகளை அறிந்த தோழர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். புகார் தமிழில் எழுதப்படட்டும். வாக்குமூலம் புரியும்படி படித்துக்காட்டப்பட்ட பின்னரே கையெழுத்து இடப்படட்டும். தமிழ் அறிந்த காவலர்களை இப்பகுதிகளில் பணியமர்த்தக் கோருவதும் கிளைகளின் அன்றாடப் பணியாக வேண்டும்.