இறங்கத் தெரிந்த வண்டி

சென்ற மாதம் பழனி மலைத் தொடரில், பண்ணைக்காட்டுக்குச் சமீபத்தில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் இரண்டு தினங்கள் விருந்தினராகத் தங்கியிருந்தோம். நண்பருக்கு மூன்று செல்வங்கள் உண்டு. முதலாவது தோட்டம், இரண்டாவது பேரக் குழந்தைகள், மூன்றாவது, முப்பது பிராயம் நிரம்பிய ஒரு பிக்கப் வண்டி. இந்த வரிசைக் கிரமம் சரிதானா என்பதில் அவருடைய மனைவியாருக்கு மட்டும் பலத்த சந்தேகம்.

வண்டியைப் பிறர் கையில் விடுவது நண்பருக்குப் பிடிக்காத காரியம். விடிந்ததும் எஞ்சின் மூடியைத் திறந்து விடுவார். ஆயில் அளவைப் பார்ப்பதும், காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி போக்குவதும், டீசல் வடிகட்டியில் தேங்கிய தண்ணீரை வடிப்பதும் பூஜை போல நடைபெறும். "ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது, பார்த்தீர்களா?" என்று எங்களைப் பல முறை கேட்டார். பார்த்தோம், இழுக்கத்தான் செய்தது.

மூன்றாம் நாள் காலை, காப்பி மூட்டைகளுடனும் வாழைத் தார்களுடனும் வத்தலக்குண்டுக்குப் புறப்பட்டோம். ஊத்துக்கு வந்து, கொடைக்கானல் சாலையைப் பிடித்து இறங்கலானோம். சிறிது தூரம் சென்றதும் ஏதோ கருகும் வாசனை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் நண்பர் பிரேக்கை மிதித்தார். மிதி, தடையின்றித் தரை வரையில் போயிற்று. வண்டி நிற்கவில்லை!

நல்ல வேளையாக அவர் கலங்கவில்லை. கியரைக் குறைத்து, மலைப் பக்கத்து மண் கரையில் வண்டியை உராயவிட்டார். இருபது கஜ தூரம் உராய்ந்த பிறகு அது நின்றது. ஒரு விளக்கும் சில வாழைத் தார்களும் சேதம். எங்களுக்கு நேர்ந்த சேதத்தை வெளியில் சொல்வதற்கில்லை. கை நடுக்கம் மாலை வரையில் இருந்தது.

அங்கே வந்து சேர்ந்த வயதான லாரி டிரைவர் ஒருவர் சக்கரங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, ஏத்தத்திலே நின்னுபோன வண்டியைத் தள்ளிக்கிடலாம். எறக்கத்திலே நிக்காத வண்டியை யாரு பிடிக்கிறது?" என்றார். மலை மோட்டார் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறதென்பது நமது அபிப்பிராயம்.

* * *

இந்த மலைக்கு வண்டி ஏறியதே பெரிய கதை. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியபோது பாதை ஏது? பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோதான் ஏற வேண்டும். மேஜர் லா என்பவரின் பெயர் தாங்கிய மலைச் சாலை மோட்டார்களுக்குத் திறந்தது முதல் உலக யுத்த காலத்திலேதான். பிறகு, 1940-களின் இறுதியில் மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் ஜீப் வண்டிகளைப் பூட்டத் தொடங்கினர். அந்த வம்சத்தில் வந்த ஜீப்புகளும் பிக்கப்புகளுமே இன்று பூம்பாறைப் பூண்டையும், மன்னவனூர்க் காரட்டையும், தாண்டிக்குடிக் காப்பியையும் சுமந்து இறங்குகின்றன. பல குடும்பங்களுக்கு இத்தகைய பழைய வண்டி ஒன்றே சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணை. புதிது வாங்க எல்லோராலும் இயலாது. ஆகையால் பழையதைப் பேணுவது அவசியமாகிறது.

எதை முதலில் பேணுவது என்பதே கேள்வி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அடிவாரம் சுமார் 300 மீட்டர். பாரத்துடன் 2,500 கிலோ எடையுள்ள வண்டி இந்த 1,800 மீட்டரும் இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு, 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! ஒரு கல்யாணத்துக்குப் போதுமான வெந்நீர். கியரைத் தாழ்த்தி இறங்கினால் அந்த உஷ்ணத்தில் பெரும் பங்கை எஞ்சின் தாங்கிக் கொள்கிறது. பிரேக்கின்மீதே காலை வைத்துக் கொண்டு இறங்கினால் சக்கரங்களுக்குள் இருக்கும் நான்கு பிரேக்குகளும் அடுப்பாகின்றன.

நண்பருடைய வண்டிக்கு நேர்ந்தது இதுவே. பின் சக்கரத்துப் பிரேக் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. டயரின் உட்புறம் தினமும் ஈரமாயிருந்ததை அவர் மலைப் பனி என்று நினைத்துவிட்டார். எண்ணெய் குறையக் குறைய, என்றைக்கோ திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றி நிரப்பியிருக்கிறார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. புதிதாயிருக்கையில் 200 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டாலோ 140 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதித்தால் அழுந்துவது குமிழிதான், பிரேக் அல்ல.

* * *

ஆகவே, மலையில் வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இது: காலைப் பூஜையை எஞ்சினிலிருந்து தொடங்காமல், சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நான்கு டயர்களின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பனி வழுக்காது, எண்ணெய் வழுக்கும். சக்கரத்து நட்டுகளையும் ஸ்பிரிங் பட்டைகளையும் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பிரேக்கை மிதித்து, அரை நிமிஷம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு உண்டென்று அறிக. அன்று வண்டி கொட்டகையிலேயே இருக்கட்டும்.

பிரேக் எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றி விடுவது சிலாக்கியம். திறந்து வெகுநாளான டப்பாவைத் தூர எறியுங்கள். அந்தச் சிக்கனம் நமக்கு வேண்டாம். மழைக் காலத்தில் இரவு முழுவதும் கைப் பிரேக்கைப் பூட்டி வைத்தால் துருவேறிப் பிடித்துக் கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது நலம். ஏறி வந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்க வேண்டாம். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும்; மூடியின் அழுத்தம் நீங்கிய கணத்தில் முகத்தில் பாயும்.

வீட்டில் செய்யத் தக்கவை இவை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது ஒருபோதும் கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சிலிண்டரைப் பிரிப்பது, குழாயிலிருந்து காற்றை எடுப்பது முதலியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதில் அகௌரவம் ஏதுமில்லை. ஸ்வய உதவி என்பது எல்லாவற்றையும் தானே செய்து தீர்ப்பதென்று அர்த்தமாகாது. தன் வண்டியின் நோயைத் தானே முதலில் அறிவதும் ஸ்வய உதவிதான்.

இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலை விதி. விதியை அனுசரிக்க மனம் மட்டும் இருந்தால் போதாது. நிற்கக் கூடிய வண்டியும் வேண்டும். எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவர்கள் நம்முடைய பிரேக்கை நம்பியே வருகிறார்கள்.

நண்பரிடமிருந்து நேற்றுக் கடிதம் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் புது ரப்பர் போட்டாயிற்றாம். இப்போது எஞ்சின் மூடி கடைசியில்தான் திறக்கப்படுகிறதாம். கடிதத்தின் அடியில் அவர் மனைவியார் ஒரு வரி சேர்த்திருந்தார்: "பேரக் குழந்தைகள் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள்."