பட்டா இல்லாதவர் மனசு

காலநிலை மாற்றம் மனித மனதையும் முறிக்கும் என்று இப்போது அரசுக் கூட்டங்களிலும் பேசுகிறார்கள். பேசட்டும். யாருடைய மனது என்று நான் கேட்கிறேன்.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. காவிரியிலும் போதுமான தண்ணி வரவில்லை. டெல்டாவில் சம்பா கருகியது. விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள்; காய்ந்த பயிரைப் பார்த்து நெஞ்சடைத்தும் செத்தார்கள். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்த அதே அரசு, ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னது? வறட்சியால் யாரும் தற்கொலை செய்யவில்லை, எல்லாம் சொந்தக் காரணமாம்! மண்ணுக்கு வறட்சி உண்டு, மனசுக்கு இல்லை.

இந்தப் பொய்யை விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. நாமும் எதிர்க்கிறோம். ஆனால் அந்தக் கணக்கிலேயும் நம்ம சனம் எங்கே? நெல்லுக்கு நிவாரணம் ஏக்கருக்கு 5,465 ரூபாய். நட்டு, களையெடுத்து, அறுக்கிற சேரிக்கு ஏது ஏக்கர்? சிட்டா இல்லை, அடங்கல் இல்லை. நூறு நாள் வேலையை 150 நாளாக்கினார்கள், அது வேணும்தான். ஆனால் பறிபோன அறுப்புக் கூலியை இழப்பு என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. இழப்பே இல்லாதவனுக்குத் துக்கம் எப்படி வரும் என்பதுதான் அரசாங்கத்தின் நியாயம்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல். விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். தேங்காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பொம்பளைங்க பிழைப்பும் அந்த மரத்தோடுதானே சாய்ந்தது? புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருசம். அதுவரைக்கும் ராத்தூக்கம் எப்படி வரும்? நம்மவன் மனசொடிஞ்சு கிடந்தால், ‘குடிச்சிட்டுக் கிடக்கான்’ என்று ஊர்த்தெரு ஒரே வார்த்தையில் முடித்துவிடும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கைப் பாருங்கள். 2022இல் நாடு முழுக்க வேளாண்மையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். விவசாயிகள் 5,207; கூலிகள் 6,083. கூலிகளே அதிகம். அவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை.

அரசிடம் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. பேரிடரில் மனநல ஆதரவுக்கு 2009இலேயே வழிகாட்டு நெறிகள் வந்தன. 2017 மனநலச் சட்டம், சாதிப் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. 2022இல் டெலி மானஸ் வந்தது, எண் 14416. தாங்க முடியாத ராத்திரியில் நம்மவர்கள் அதைக் கூப்பிடட்டும், கூச்சப்பட வேண்டாம். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது, போனில் ஆறுதல் சொன்னதோடு அரசு கடமையை முடித்துக்கொள்ள முடியாது.

நாம் கேட்பது இதுதான். புயலிலும் வறட்சியிலும் இழந்த கூலி நாளை இழப்பாக எழுது, பட்டா கேட்காதே. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் ஆலோசகரும் சேரிக்குள் வரட்டும். கூலியின் சாவையும் விசாரித்து, சாதியோடு பதிவு செய். 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. காலடியில் சொந்த மண் இருந்தால் அடுத்த புயலுக்கு மனசு கொஞ்சமாவது தாங்கும்.

தோழர்களே, உங்கள் சேரியில் இப்படி விழுந்தவர்களை, விழாமல் தவிப்பவர்களைக் கணக்கெடுங்கள். அரசு எழுதாத ஏட்டை நாமே எழுதத் தொடங்குவோம்.

– ஆசிரியர்