ஊசி போட்டாச்சு, சரி. எந்த ஊசி?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நாய்க்குட்டி வளர்க்கிற வீடுகளில் "தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, போட்டாச்சே" என்பார்கள். எந்த ஊசி என்று கேட்டால்தான் முழிப்பார்கள். பல வீடுகளில் அது வெறிநோய்க்கான ஊசி மட்டும்தான். ஜூலை 6 அன்று கால்நடை மருத்துவமனைகளில் முகாம் வைத்து இலவசமாகப் போடுவார்களே, அது. ரொம்ப அவசியமான ஊசிதான். ஆனால் குட்டியின் குடலை அரிக்கிற பார்வோ வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

வெறிநோய் மனிதனைக் கொல்லும், அதனால் ஊரே கவலைப்படுகிறது. பார்வோ மனிதனுக்குத் தொற்றாது, நாய்தானே சாகிறது! அதற்கான ஊசியைப் பெரும்பாலும் நாம்தான் காசு கொடுத்துப் போட வேண்டும்.

இந்த நோய் உலகத்தில் தலைகாட்டியதே 1978 வாக்கில்தான். 1982-லேயே இந்தியாவில் இது இருப்பதாகச் சென்னை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் நம்மூரில் இதற்குப் பெயர் "சூடு". இல்லாவிட்டால் "கண்ணு பட்டிருச்சு".

சரி, வாந்தி எடுத்தாலே பார்வோவா? இல்லை. தெருமுனையில் பிரியாணி எலும்பைத் தின்றுவிட்டு ஒருமுறை கக்கி, உடனே வாலாட்டிக்கொண்டு ஓடுகிற பெரிய நாயைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அரை நாள் வயிற்றுக்கு ஓய்வு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் போதும். வாந்தியைப் பார்க்காதீர்கள், நாயைப் பாருங்கள். கூப்பிட்டால் எழவில்லை, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல் போகிறது என்றால் அது வேறு கதை. ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். முதுகுத் தோலை இழுத்து விட்டால் சட்டென்று படிய வேண்டும். இல்லையென்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியாக இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

ஆனால் நடப்பது என்ன? மருந்துக்கடையில் மனிதர்களுக்கான பேதி மாத்திரை வாங்கிப் போடுவது. காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் வேறு, அது நாயின் வயிற்றைப் புண்ணாக்கும். வாயைப் பிளந்து பால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இந்த வைத்தியத்திலேயே இரண்டு நாள் ஓடிவிடுகிறது, அந்த இரண்டு நாள்தான் உயிர். நம்மூரில் கிடைக்கிற எந்த மாத்திரையும் இந்த வைரஸை நேரடியாகக் கொல்லாது. சில நாள் டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பாக்டீரியா ரத்தத்தில் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. நேரத்தோடு ஆரம்பித்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். சும்மா விட்டால் பெரும்பாலானவை சாகும். உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் முடியவில்லை என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு ஊரிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

பார்வோ ஊசி போட்டவர்களும் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, பதினாறு வாரம்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

இன்னொரு கொடுமை, குட்டி செத்த அடுத்த வாரமே புதுக்குட்டி வாங்குவது. அதுவும் செத்தால் "இந்த வீட்டுக்கு நாய் ராசியில்லை" என்பார்கள். ராசி எங்கே வந்தது? வைரஸ் கொல்லைப்புற மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிமெண்ட் தரையைக் கழுவிப் பிளீச்சிங் கரைசல் ஊற்றிச் சுத்தம் செய்யலாம். மண்ணை அப்படிக் கழுவ முடியாது. அந்த வீட்டுக்கு வருகிற அடுத்த நாய், ஊசியெல்லாம் முடித்த வளர்ந்த நாயாக இருக்கட்டும்.