ஆரவாரம் கேட்டால் வெட்டும் எந்திரம்!

கிரிக்கெட்டுப் பந்தயம் இரவு 11 மணிக்கு முடிகிறது. முகம் கழுவிவிட்டு வந்து செல்போனை எடுத்தால், பந்தயத்தின் முக்கியக் கட்டங்கள் பத்து நிமிடப் படமாகத் தயாராக இருக்கின்றன!

இவ்வளவு வேகமாக அதை வெட்டி ஒட்டியது யார்?

முன்பெல்லாம் அதற்கென்று ஆள் உட்கார்ந்து, மணிக்கணக்கில் படத்தை ஓட்டிப் பார்த்து வெட்டுவார். இப்போது அந்த வேலையை எந்திரமும் செய்கிறது.

கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட்டு தெரியுமா? தெரியாது. ஆனால் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்!

காக்கை, குருவி பாடம்

முதலில் ஆயிரக்கணக்கான படத் துண்டுகளை அதற்குக் காட்டுகிறார்கள். "இது சிக்சர், இது அவுட், இது ஒன்றுமில்லாத பந்து" என்று ஒவ்வொன்றுக்கும் மனிதர்களே குறிப்பு எழுதுகிறார்கள். குழந்தைக்கு "இது காக்கை, இது குருவி" என்று காட்டுவது போலத்தான். திரும்பத் திரும்பப் பார்த்து எந்திரம் பழகிக்கொள்கிறது.

பிறகு புதிய பந்தயம் ஒன்றைக் கொடுக்கிறார்கள். திரையில் ஓடும் ரன் எண்ணிக்கையை எந்திரம் படிக்கிறது. 4 கூடினால் குறித்துக்கொள்கிறது. விக்கெட் விழுந்தால் குறித்துக்கொள்கிறது. கூட்டத்தின் சத்தம் எங்கே எழும்புகிறது, வர்ணனையாளரின் குரல் எங்கே உயர்கிறது, ஆட்டக்காரர் எங்கே கையை உயர்த்திக் குதிக்கிறார் என்பதையும் கவனிக்கிறது. எல்லாவற்றுக்கும் மார்க்கு போடுகிறது. அதிக மார்க்கு வாங்கிய துண்டுகளை ஒட்டிவிடுகிறது. முடிந்தது வேலை!

2017-ம் ஆண்டு லண்டன் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில், ஐ.பி.எம். கம்பெனியின் "வாட்சன்" என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு இந்த வேலையைச் செய்தது. மனிதர்களுக்குச் சிரமம் குறைந்தது. நல்லதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது.

பெயர் பெற்ற ஆட்டக்காரர், அல்லது உள்ளூர்க்காரர் ஆடினால் கூட்டம் அதிகம். கூட்டம் அதிகம் என்றால் சத்தமும் அதிகம். ஓரத்து மைதானத்தில் பெயர் தெரியாத ஒருவர் அதே அடியை அடித்தால், கை தட்ட ஆள் இல்லை. எந்திரம் யாருக்கு மார்க்கு போடும்? 2019-ல் இந்தப் பாரபட்சத்தைச் சரிக்கட்ட அந்தக் கம்பெனியே தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று!

சேப்பாக்கத்தில் என்ன நடந்தது?

நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

1999 ஜனவரி 31. சேப்பாக்கம் மைதானம். பாகிஸ்தானுடன் டெஸ்ட் பந்தயம். இந்தியா வெற்றி பெற 271 ரன் வேண்டும். முதுகு வலியோடு ஆடிய சச்சின் தெண்டுல்கர் 136 ரன் குவித்துவிட்டார். இன்னும் 17 ரன்தான் பாக்கி. அப்போது சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் பிடித்துவிட்டார்!

மைதானம் ஊமையாகிவிட்டது.

இந்தியா 12 ரன்னில் தோற்றது. அதன் பிறகு நடந்ததுதான் பெரிது. வெற்றி பெற்ற பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்!

விக்கெட் விழுந்ததை எந்திரம் கண்டுபிடித்துவிடும். எண்ணிக்கை மாறுகிறது அல்லவா? ஆனால் அதன் பிறகு வந்த அமைதிக்கு எத்தனை மார்க்கு? கடைசிப் பந்தும் போட்டு முடித்த பிறகு எழுந்த கைதட்டலை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பந்தயம் முடிந்ததென்று அது கடையைக் கட்டியிருக்கக்கூடும்.

திருத்தணி பக்கத்தில் உள்ள அம்மையார்குப்பம் நெசவு ஊர். விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தால் காது அடைத்துக்கொள்ளும். ஆனால் நெசவாளி அந்தச் சத்தத்தையா கவனிக்கிறார்? இல்லை. இழை அறுந்து ஒரு தறி சட்டென்று நின்றுவிட்டால் திரும்பிப் பார்க்கிறாரே, அதுதான் கவனிப்பு. சத்தத்தை மட்டும் அளக்கிற எந்திரத்துக்கு இது பிடிபடாது.

இன்னொரு வேடிக்கை. கிராமத்துக் கபடிப் போட்டிகளில் ஒலிபெருக்கிக்காரர் முதல் பாட்டம் தொடங்கிக் கடைசிப் பாட்டம் வரை ஒரே உச்சக் குரலில்தான் கத்துவார்! அந்தக் குரலை நம்பி எந்திரம் எதை வெட்டும்? எதை விடும்?

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. ஆடும் பிள்ளைகளின் திறமையைப் படத் துண்டுகளைப் பார்த்து எடை போடுகிற காலம் இது. துண்டில் இடம் பெறாதவன், பார்ப்பவர் கண்ணில் படாமலே போகிறான்.

கல்யாண வீட்டிலும் வந்துவிட்டது

விளையாட்டோடு நின்றதா? செல்போன்களே இப்போது வீட்டு விசேஷப் படங்களைத் தாமாகப் பொறுக்கி, பாட்டுச் சேர்த்து, சிறு படமாக நீட்டுகின்றன.

தாலி கட்டும் நேரத்தை எந்திரம் பிடித்துவிடும் என்று நம்பலாம். கெட்டிமேளம் கொட்டுகிறதே! ஆனால் அந்த நேரத்தில் தூண் ஓரமாக நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெண்ணின் தாய்? கடைசிப் பந்தியில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் நிற்கும் மாமா? அங்கே மேளம் இல்லை. ஆரவாரம் இல்லை.

எந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெரிய செலவு செய்து ஆள் வைக்க முடியாத சிறிய போட்டிகளுக்கு அது வரப்பிரசாதம். வெட்டும் வேலையை அது செய்யட்டும். வெளியிடும் முன்பு ஆட்டம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்து, விட்டதைச் சேர்க்க வேண்டும். கூட்டம் குறைவான மைதானத்துக்கு அந்த ஆள் அவசியம் தேவை.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மூன்று நிமிடப் படம் அழகாக இருக்கிறது என்று, இடத்தை அடைக்கும் மூன்று மணி நேரப் படத்தை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். தனியாக ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பீரோவில் வைக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அது ஓடுகிறதா என்று பார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்து வைப்பது நல்லது. பாட்டி பந்தலுக்குள் மெதுவாக நடந்து வந்தது அதில்தான் இருக்கும்.