கடனைக் கொடை என்று எழுதாதீர்!

கண்டி வாவிக் கரையிலே விடுமுறை நாட் காலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரே நிறச் சட்டை, சட்டையின் முதுகிலே கம்பனியின் பெயர், கைகளிலே கையுறை. முப்பது நாற்பது ஊழியர் வரிசையாக நின்று பொலித்தீன் பைகளையும் வெற்றுப் போத்தல்களையும் பொறுக்குகின்றனர். புகைப்படக்காரர் முன்னும் பின்னும் ஓடுகின்றார். பத்து மணிக்கு வாகனம் வருகின்றது. எல்லோரும் ஏறிச் சென்றுவிடுகின்றனர். சில மாதங்களின் பின் அந்தப் படம் வழவழப்பான தாளிலே, கம்பனியின் ஆண்டறிக்கையில் இடம்பெறுகின்றது. சமூகத்திற்குத் தாம் வழங்கிய தன்னார்வ மணித்தியாலங்கள் இத்தனை என்று அதன் கீழே ஓர் எண் மின்னுகின்றது.

ஆண்டின் மற்றைய நாட்களிலே இந்நகரத்தைத் துப்புரவு செய்பவர் யார்? மாநகர சபையின் நகரசுத்தித் தொழிலாளர். மகியாவையின் நெருக்கமான குடியிருப்புகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தினர் அவர்களிலே பலர். விடியுமுன் தெருவில் இறங்கும் அவர்களுடைய மணித்தியாலங்களுக்கு வழவழப்பான தாளில் இடமில்லை. ஒரு நாட் காலை குனிந்தவர்களுக்குப் படம். வாழ்நாளெல்லாம் குனிந்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை!

நாம் தொண்டுக்குப் பகைவரல்லர். பிறர்க்கு உதவ ஒருவன் தானாக நீட்டும் கையை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. ஆனால் இரண்டு கேள்விகளை நாட்டின் முன் வைக்கின்றோம். ஊழியன் கொடுத்ததைக் கம்பனி தன் கொடையாக எழுதலாமா? சட்டப்படி தீர்க்கவேண்டிய கடனையும் கொடை என்று எழுதலாமா?

யாருடைய கொடை?

கண்டி நகரத்து அலுவலகமொன்றிலே எழுதுவினைஞராகப் பணிபுரியும் ஓர் இளைஞர் சென்ற ஆண்டு எம்மிடம் வந்தார். போயா விடுமுறையன்று காலை ஆறு மணிக்குச் சிரமதானத்திற்கு வரும்படி அவருக்குக் கட்டளை. தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று சொல்லிப் பார்த்திருக்கின்றார். "வராவிட்டால் நேரே ஒன்றும் செய்யமாட்டார்கள், ஐயா. வருடக் கடைசியில் மதிப்பீட்டுத் தாளிலே எழுதிவிடுவார்கள்" என்றார். அவர் சென்றார், வரவுப் பதிவேட்டிலே கையொப்பமிட்டார், நான்கு மணித்தியாலம் புல் வெட்டினார். அந்த நான்கு மணித்தியாலமும் கம்பனியின் கணக்கிலே தன்னார்வத் தொண்டாயிற்று!

சட்டத்தை நோக்குவோம். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்திற்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்திற்கு வரம்பு கட்டியுள்ளது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டு. 1971 ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் பூரணைப் போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு ஊதியம் கொடு என்கின்றது. முதலாளியின் கட்டளைப்படி, முதலாளி குறித்த இடத்தில், முதலாளி குறித்த நேரத்தில், மறுத்தால் தீங்கு வரும் என்ற அச்சத்தோடு செய்யப்படுவது தன்னார்வமா, வேலையா? வேலை எனின் ஊதியம் எங்கே? தன்னார்வம் எனின் கட்டளை எதற்கு?

கண்டியின் மண் இந்தச் சூழ்ச்சியை அறியாததன்று. இவ்வாவியையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் குடிகளின் கட்டாய உழைப்பைக் கொண்டு அமைத்தான். அதற்கு இராசகாரியம் என்று பெயர். 1832 ஆம் ஆண்டு அரச கட்டளையொன்றினால் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மன்னனுக்கு இல்லாமற் போன உரிமை கம்பனிப் பணிப்பாளருக்கு எங்கிருந்து வந்தது?

அண்டை நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகப் பேசுகின்றது. இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135 ஆம் பிரிவின்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் தமது முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். ஊழியரின் தொண்டு நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அச்செலவிலே சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 2016 இல் வெளியிடப்பட்ட அரச விளக்கம், ஊழியரை ஊக்குவியுங்கள், ஆனால் அவர் உழைப்பை உங்கள் செலவாகக் காட்டாதீர்கள் என்ற பொருள்பட விடையளித்தது. 2021 இல் திருத்தப்பட்ட விதிகள், வேறு சட்டங்களின்படி செய்யவேண்டிய கடமைகளையும் சமூகப் பணி என்று எழுதக்கூடாது எனத் தடுத்தன. இந்தியக் கம்பனிகள் யாவும் தூயவை என்று நாம் கூறவில்லை. கோடு எங்கே போடவேண்டும் என்பதை அந்நாடு அறிந்துகொண்டது என்றே கூறுகின்றோம்.

வண்ணப் பக்கமும் கறுப்பு வெள்ளைப் பக்கமும்

எமது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் ஆண்டறிக்கையைத் தயாரிக்கவேண்டும் என்கின்றது. பணிப்பாளர் பெற்ற ஊதியம் எவ்வளவு, கம்பனி வழங்கிய நன்கொடைகளின் மொத்தத் தொகை எவ்வளவு என்பனவற்றை அதிலே கூறவேண்டும். தொண்டு மணித்தியாலங்களைப் பற்றியோ அச்சட்டம் பேசவில்லை. நன்கொடைத் தொகை ஒரு மூலையிலே ஒற்றை வரியாகக் கிடக்கின்றது. தொண்டு மணித்தியாலமோ வண்ணப் பக்கங்களிலே விரிந்து பரவுகின்றது. நூறு பேரை நான்கு மணித்தியாலம் நிறுத்தினால் நானூறு! பெருக்கல் எளிது, பெருமையும் எளிது.

வண்ணப் பக்கங்களைக் கடந்து பின்னே செல்லுங்கள். அங்கே கறுப்பு வெள்ளையிலே சிறிய எழுத்துக்களில் கணக்குகளும் குறிப்புகளும் இருக்கும். ஊழியருக்குச் சேரவேண்டிய பணிக்கொடையின் பொறுப்பு எவ்வளவு, நீதிமன்றங்களிலே நிலுவையிலுள்ள வழக்குகள் எவை என்பன அங்கேதான் உள்ளன. கம்பனியின் முகத்தை வண்ணப் பக்கத்திலே காணலாம். மனச்சாட்சியை அந்தக் குறிப்புகளிலேதான் தேடவேண்டும்.

பணிக்கொடை என்ற சொல்லிலே 'கொடை' இருப்பதனால் அது கொடையாகிவிடாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் கடனாக்கியுள்ளது. ஐந்தாண்டு உழைத்தவர் விலகினால் முப்பது நாட்களுக்குள் கொடுக்கவேண்டும்; நாட்சம்பளக்காரருக்கு நிறைவுற்ற ஒவ்வோராண்டிற்கும் பதினான்கு நாட் சம்பளம். கண்டியை அடுத்த மலைச்சாரலிலே முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு தாய், தன் பணிக்கொடைக்காக எமது அலுவலகப் படியேறி வந்தாள். விலகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அவள் வேலை செய்த தோட்டத்துப் பாடசாலைக்கு வர்ணம் பூசிய படத்தை அதே காலத்தில் அச்சிலே கண்டோம். சுவருக்குப் பூச நிறம் இருந்தது. கிழவிக்குக் கொடுக்கப் பணம் இல்லை!

தோட்டத்து மருந்தகத்திற்கு உபகரணம் வழங்கினோம் என்று படம் போடுகின்றனர். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அவ்வாண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்புகளோடு பிணைத்துவிட்டது. நூறாண்டுக் கடமையைப் புதிய கருணை என்று எழுதுவது எவ்வகை நேர்மை?

கமக்காரரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. விதையும் கிருமிநாசினியும் விற்கும் கம்பனிகள் வயல் விழா நடத்துகின்றன. உத்தியோகத்தர் வருகின்றனர், எதை எப்போது தெளிப்பது என்று கற்பிக்கின்றனர், தொப்பியும் தேநீரும் தருகின்றனர். பின்னர் அது கிராமத்திற்குச் செய்த தொண்டாகக் கணக்கில் ஏறுகின்றது. சரக்கை விற்பதற்குச் செய்த முயற்சி வணிகம்; அதற்குத் தொண்டு என்ற பெயர் பொருந்தாது.

தோட்டத்துக் கணக்கு

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. கண்டிச் சுற்றுப்புறத் தோட்டங்கள் பல இன்றும் அரச நிறுவனங்களின் கீழேயே உள்ளன. மற்றைய தோட்டங்களின் நிருவாகம் 1992 இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலம் அரசினுடையது, கம்பனிக்குக் குத்தகை மட்டுமே. அதனாலேயே திறைசேரிச் செயலாளரின் பேரில் ஒவ்வொரு கம்பனியிலும் 'பொற்பங்கு' என்ற ஒரு பங்கு வைக்கப்பட்டது. இரு வாரம் முன்னறிவித்துக் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடும் உரிமையும் அப்பங்கிற்கு உண்டு.

2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 இல் 1,700 ரூபா என்று வந்தபோதும் சென்றன. உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாயிற்று. இயலாது என்று நீதிமன்றத்தில் வாதிட எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் சம்பளச் சபையின் முன் வறுமையைக் காட்டுபவர், பங்குதாரர் முன் வள்ளலாய் நிற்பது எங்ஙனம்? இரண்டில் எது மெய் என்று பொற்பங்கை வைத்திருக்கும் அரசு புத்தகத்தை விரித்துப் பார்க்கவேண்டாமா?

உண்மைத் தொண்டு எது?

1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவை என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்திற்குச் சென்றார். கிராமத்தவரோடு தங்கி, அவரோடு உண்டு, அவர் வேண்டியதை அவரோடு சேர்ந்து செய்தனர். சர்வோதய இயக்கம் அங்கிருந்தே வளர்ந்தது. இன்று எல்லோரும் வாயாற் கூறும் சிரமதானத்தின் இலக்கணம் அதுவே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் மலைகள் சரிந்தபோது, கண்டி மாவட்டம் பெருந்தொகையான உயிர்களை இழந்தது. அன்று மண்வெட்டியோடு ஓடியவர் அயலவர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதம் அந்தச் சேற்றிலே இல்லை. எத்தனை மணித்தியாலம் தோண்டினோம் என்று எவரும் எண்ணவில்லை. கம்பனி ஊழியர் பலரும் தாமாகவே உணவு சுமந்து சென்றனர், அவர்களை வணங்குகின்றோம். அந்தப் புண்ணியம் அவர்களுடையது, அவர்களின் கம்பனியினுடையதன்று.

நாம் கேட்பன

ஆண்டறிக்கையிலே தொண்டைப் பற்றிய பக்கத்திற்கு முன்னதாகக் கடனைப் பற்றிய பக்கம் வரட்டும்: ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றில் முப்பது நாளுக்கு மேற்பட்ட நிலுவை எத்தனை பேருக்கு, எவ்வளவு? தொண்டு மணித்தியாலங்களில் சம்பள நேரத்தில் நடந்தவை எத்தனை, விடுமுறையில் நடந்தவை எத்தனை என்று பிரித்துக் காட்டட்டும். மறுத்தவருக்கு மதிப்பீட்டில் குறைவு நேராது என்று பணிப்பாளர் சபை எழுத்தில் உறுதி கூறட்டும். சென்ற ஆண்டு செய்த வேலை இவ்வாண்டு எந்நிலையில் உள்ளது என்பதை அவ்வூரவர் வாயாலேயே கேட்டு எழுதட்டும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது. எவர் பெயரால் பெருமை கொள்கின்றனரோ அவர் படிக்கத்தக்க தமிழிலும் சிங்களத்திலும் அந்தப் பக்கங்களை அச்சிடட்டும்.

கணக்காளரே, வழக்கறிஞரே, ஆசிரியரே! ஒரே ஒரு பங்கை வைத்திருப்பவருக்கும் ஆண்டறிக்கை வந்துசேரும்; பொதுக்கூட்டத்திலே எழுந்து நிற்கவும் உரிமையுண்டு. உழைப்பாளரின் சேமலாப நிதியும் பகிரங்கக் கம்பனிகளின் பங்குகளிலே முதலிடப்பட்டிருக்கின்றது. கொழுந்து பறிப்பவளின் வியர்வையும் அக்கம்பனிகளின் மூலதனத்தில் கலந்திருக்கின்றது. அவள் சார்பிற் கேள்வி கேட்கத்தான் ஆளில்லை. அந்த ஆள் நீங்களாகுங்கள். ஆண்டறிக்கையைப் பின்புறத்திலிருந்து படியுங்கள். பத்துப் பேரைக் கூட்டித் தமிழிலே விளக்குங்கள்.

தொண்டு வேண்டாம் என்பது எமது கட்சியன்று. முதலில் கடனைத் தீருங்கள். பின்னர் கொடையைப் பேசுங்கள்!