மூன்று சென்டிமீட்டர் யார் வைத்த கடன்?

தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு 167. இந்த மூன்று சென்டிமீட்டரைச் 'சலுகை' என்கிறார்கள். "அவங்க வம்சமே குட்டை" என்ற கேலியும் கூடவே வருகிறது. வம்சத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

நம் உடம்பில் அளவுகோல் வைப்பது புதிதல்ல. எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணத்தில் சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்றார் ரிஸ்லி. 1948-இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அதே மூக்களவுகளை எடுத்துப்போட்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று நிறுவினார் அண்ணல் அம்பேத்கர்.

உயரத்தில் மரபணுவுக்குப் பங்குண்டு. ஆனால் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் கிடைத்த சோறும், அப்போது வந்த வயிற்றுப்போக்கும் அதை வெட்டிவிடும். 2005-06, 2015-16 குடும்பநலக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்ட ஆய்வில், 15 முதல் 25 வயதுப் பழங்குடிப் பெண்களின் சராசரி உயரம் குறைந்திருந்தது. பத்து வருடத்தில் மரபணு மாறாது. தட்டில் இருப்பதுதான் மாறும்.

கொழுப்பின் கதையும் இதுதான். 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் தங்களையே ஒப்பிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ 22.3. உடல் கொழுப்போ யாக்னிக்குக்கு 21.2 சதவீதம், யட்கினுக்கு 9.1. புனே கிராமங்களில் பிறந்த எடை குறைந்த குழந்தைகளிடமே இந்த 'ஒல்லிக் கொழுப்பு' தெரிந்தது. தாயின் வயிறு காய்ந்தால் பிள்ளையின் தசை குறையும், கொழுப்பு தங்கும். பெண்ணுக்கு இயல்பிலேயே கொழுப்பு கூடுதல்; வயது ஏற ஏற எல்லோருக்கும் தசை கரையும்.

ஆக, தலைமுறைகளாக ஜாகீர்தார்களுக்கு வெட்டிவேலை செய்த கல்வராயன் மலையில், ஐம்பது வயது ஒல்லியான மலையாளிப் பெண்ணை எடை மெஷினில் ஏற்றி 'நார்மல்' என்று எழுதி அனுப்புவது மருத்துவம் ஆகாது. இடுப்பை அளங்கள், சர்க்கரையைப் பாருங்கள். கள்ளக்குறிச்சிச் சேரிகளிலும் அப்படியே.

அதோடு, கர்ப்பிணியின் தட்டில் முட்டையும் பருப்பும் கறியும் சேரட்டும். மாட்டுக்கறி தின்பவரை இழிவுபடுத்துவது நிற்கட்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி உழுகிற நிலத்துக்குப் பட்டா வரட்டும்.

பசி தின்ற உயரத்துக்கு அரசு கட்டும் வட்டிதான் அந்த மூன்று சென்டிமீட்டர். அசல் இன்னும் பாக்கி.